பக்கத்து வீட்டுப் பாட்டியின் பாத்ரூமை யார் சரிசெய்வது? ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு விளக்கம்

ஜெலுத்தோங்கில் ஒரு பழைய மலிவு விலை ஃபிளாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. படுக்கையறையிலிருந்து பாத்ரூமுக்கு பத்து எட்டு வைத்தால் போதும். நடுவில் ஒரு சின்னப் படி, உயரம் சுமார் 10 சென்டிமீட்டர். இருபது வயதில் அந்தப் படி இருப்பதே நமக்குத் தெரியாது. எழுபத்தைந்து வயதில், ராத்திரி இரண்டு மணிக்கு, ஈரத் தரையில், வீட்டிலேயே மிக ஆபத்தான இடம் அதுதான்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. சுவரில் ஒரு கைப்பிடி, தரைக்கு வழுக்காத பூச்சு, வழியில் ஒரு சிறிய விளக்கு. பொருள் செலவு சில நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். ஆனால் யார் செய்வது? "பிள்ளைங்க கேஎல்-லயும் சிங்கப்பூர்லயும் இருக்காங்க. கண்ட்ராக்டரைக் கூப்பிட்டா, சின்ன வேலைக்கெல்லாம் வர முடியாதுங்கிறான்." இந்தப் புலம்பலை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கேட்டிருப்பீர்கள்.

உலகின் சில ஊர்களில் இந்தச் சின்ன வேலையை வழிபாட்டுச் சபைகள் பொறுப்பாக எடுத்துச் செய்கின்றன. அமெரிக்காவின் யூத சபைகள் அதில் நன்கு அறியப்பட்டவை. பினாங்கிலும் ஒரு காலத்தில் யூத சபை இருந்தது. இன்று இல்லை. அந்த வேலை மட்டும் இங்கே காத்துக்கொண்டிருக்கிறது.

நாகூர் சாலையில் ஒரு ஜெப ஆலயம்

ஜார்ஜ் டவுனில் நாகூர் சாலை என்று ஒன்று இருக்கிறதே, இப்போது காபி கடைகளும் உணவகங்களும் நிறைந்த தெரு, அங்கே 28-ஆம் எண் கட்டடம்தான் பினாங்கின் ஒரே யூத ஜெப ஆலயமாக இருந்தது. 1929-இல் திறக்கப்பட்டது. நம்ம நாகப்பட்டினம் பக்கத்து நாகூரின் பெயரைச் சுமக்கும் தெருவில், பாக்தாத் வழியாக வந்த யூதர்கள் வழிபட்டார்கள் என்பது பினாங்குக்கே உரிய கலவை.

யூத மரபில் கூட்டு வழிபாடு நடக்க வயது வந்த பத்துப் பேராவது வேண்டும். அந்தப் பத்துக்கு 'மின்யான்' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்தபோது பலர் பினாங்கை விட்டு வெளியேறினார்கள். போருக்குப் பிறகும் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் புலம்பெயர்ந்தன. பத்துப் பேர் சேராத நிலையில் 1976-இல் ஆலயம் மூடப்பட்டது. பினாங்கின் கடைசி யூதர் என்று அறியப்பட்டவர் 2011-இல் காலமானார். முன்பு ஜாலான் யாஹுடி என்று அழைக்கப்பட்டு, இப்போது ஜாலான் ஜைனல் அபிடின் ஆகிவிட்ட தெருவிலுள்ள யூதர் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். நூறுக்கும் சற்று அதிகமான கல்லறைகள் அங்கே உள்ளன.

ஆக, ஜெலுத்தோங்கில் வீடு பழுதுபார்க்க யூத சபை எதுவும் வரப்போவதில்லை. ஆனால் அவர்கள் மற்ற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள், எதற்காகச் செய்கிறார்கள் என்று பார்த்தால், நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

தர்மமா, கடனா?

எபிரேய மொழியில் 'செதாக்கா' என்று ஒரு சொல் உண்டு. தர்மம் என்று நாம் மொழிபெயர்த்துவிடுவோம். ஆனால் அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். இல்லாதவருக்குக் கொடுப்பது பெருந்தன்மை இல்லை, அவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது என்பதுதான் அதன் உட்பொருள்.

வீட்டுப் பாதுகாப்பைப் பற்றி அவர்களுடைய வேதத்திலேயே ஒரு சட்டம் இருக்கிறது. உபாகமம் 22-ஆம் அதிகாரத்தில் வருகிறது. புது வீடு கட்டினால் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், யாராவது விழுந்தால் அந்தப் பழி வீட்டுக்காரர் மேல் விழும் என்பது அதன் சாரம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழைய இந்தக் கட்டட விதி, விழுந்தவரைப் பார்த்து "கவனமா நடந்திருக்கலாமே" என்று கேட்கவில்லை. வீடு ஏன் அப்படி இருந்தது என்று கேட்கிறது. இன்றைய விபத்துத் தடுப்பு ஆய்வாளர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ், கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகம் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று இருவருக்கும் தெரியாமல் கொடுப்பது மிக உயர்ந்த படிகளில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது, அவர் மறுபடி யாரிடமும் கையேந்தத் தேவையில்லாதபடி செய்வது. கைப்பிடி பொருத்துவது அந்த உச்சிப் படிக்குப் பக்கத்தில் வரும் என்பேன். ஒரு தடவை பொருத்திவிட்டால், தினமும் "கொஞ்சம் கையைப் பிடிம்மா" என்று கேட்க வேண்டியதில்லை.

மாதிரிக் காசோலையோடு வரிசையாக நின்று எடுக்கும் புகைப்படங்கள் எந்தப் படியில் வரும் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

'சுக்கோட் இன் ஏப்ரல்'

1973-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மிட்லண்ட் என்ற ஊரில் அக்கம்பக்கத்தார் கூடி, வசதியில்லாதவர்களின் வீடுகளைப் பழுதுபார்த்தார்கள். அதுவே வளர்ந்து 'கிறிஸ்துமஸ் இன் ஏப்ரல்' என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியது. இன்று அதன் பெயர் 'ரீபில்டிங் டுகெதர்'. ஏப்ரல் மாதக் கடைசி சனிக்கிழமையில் பெரிய அளவில் வேலை நடப்பது அதன் வழக்கம்.

வாஷிங்டன் பகுதி யூத சபைகள் இதில் சேர்ந்தபோது இரண்டு சிக்கல்கள். ஒன்று, கிறிஸ்துமஸ் அவர்கள் பண்டிகை இல்லை. இரண்டு, சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், சுத்தியல் எடுக்கக் கூடாது. வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, 'சுக்கோட் இன் ஏப்ரல்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சுக்கோட் என்பது யூதர்கள் தற்காலிகக் குடில் கட்டிக் கொண்டாடும் பண்டிகை. நம்ம ஊர் பந்தல் மாதிரி, மேலே இலைதழை போட்டிருப்பார்கள். வீடு என்பது எவ்வளவு சுலபமாகக் கலைந்துவிடக் கூடியது என்பதை ஞாபகப்படுத்தும் பண்டிகையின் பெயர், வீடு பழுதுபார்க்கும் நாளுக்குப் பொருத்தமாகத்தான் அமைந்தது.

இந்த மாதிரி ஏற்பாடுகளில் கவனிக்க வேண்டியது, வேலை நடக்கும் அந்த ஒரு நாளை அல்ல. அதற்கு முந்தைய மாதங்களை. வீட்டை முன்கூட்டியே போய்ப் பார்ப்பார்கள். என்ன பழுது, என்ன பொருள், எத்தனை பேர் என்று பட்டியல் போடுவார்கள். மின்சாரம், குழாய் வேலைக்குத் தொழில் தெரிந்தவரை ஏற்பாடு செய்வார்கள். உதவி பெறுபவர் அதே மதத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. சபை கொண்டுவருவது ஆட்களையும் பணத்தையும். எந்த வீடு என்று முடிவு செய்வது அதற்கென்று இருக்கும் அமைப்பு.

ஜெலுத்தோங்கில் ஓட்டை எங்கே?

மலேசியாவில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: கோத்தோங் ரோயோங். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த வெள்ளத்துக்குப் பிறகு, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்வாரா, பௌத்த அமைப்புகள் என்று எல்லாத் தரப்புத் தன்னார்வலர்களும் இறங்கி, முன்பின் தெரியாதவர்களின் வீட்டுச் சேற்றை வாரினார்கள். வெள்ளம் வந்தால் ஊர் கூடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பாத்ரூம் படிக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை. அது செய்தியில் வராத பேரிடர்.

அரசு உதவி இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் வீட்டு வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது.

பினாங்கு மாநில அரசின் 80 விழுக்காட்டுப் பராமரிப்பு நிதியை எடுத்துக்கொள்வோம். மலிவு விலை அடுக்குமாடிகளில் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை, வெளிச்சுவர் பெயிண்ட் போன்றவற்றுக்கு மாநிலம் 80 விழுக்காடு வரை கொடுக்கும், மீதியைக் குடியிருப்பாளர்கள் போட வேண்டும். நல்ல திட்டம், பல கட்டடங்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறது. ஆனால் அது பொதுச் சொத்துக்கு மட்டும். உங்கள் கதவுக்கு உள்ளே இருக்கும் பாத்ரூம் அதில் சேராது.

ஏழைகளின் வீட்டைப் பழுதுபார்க்கும் கூட்டரசின் வீட்டுதவித் திட்டம் கிராமப்புற மேம்பாட்டு அமைச்சின் கீழ் வருகிறது. ஜெலுத்தோங் நகரம். முஸ்லிம்களுக்கு ஜகாத் நிதி வழியாக வீட்டுப் பழுதுக்கு உதவி கேட்க ஒரு வழி உண்டு. சமூகநலத் துறை வசதியற்ற முதியோருக்கு மாத உதவி தருகிறது. 2025 வரவு செலவுத் திட்டம் அதை 500-லிருந்து 600 ரிங்கிட்டாக உயர்த்தியது. சக்கர நாற்காலி போன்ற துணைக் கருவிகளுக்கும் அங்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் 600 ரிங்கிட் அரிசிக்கும் மருந்துக்கும் போன பிறகு, கைப்பிடிக்கு என்ன மிஞ்சும்? கொடுத்த சக்கர நாற்காலி பாத்ரூம் கதவுக்குள் நுழையாவிட்டால்?

இது சின்ன எண்ணிக்கையினரின் பிரச்சினையும் இல்லை. மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களை மூத்த குடிமக்கள் என்கிறோம். 2030 வாக்கில் அவர்கள் மக்கள்தொகையில் 15 விழுக்காட்டை எட்டுவார்கள் என்று கணிப்பு. வயதானோர் விகிதம் கூடுதலாக உள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. உலக அளவில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

பெயிண்டா, கைப்பிடியா?

தீபாவளிக்கு முன்னால் இளைஞர் குழுக்கள் வசதியற்றவர் வீட்டுக்குப் போய் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே போயிருக்கவும் கூடும். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. புது பெயிண்ட் வாசனையில் பண்டிகை வருவது சந்தோஷம்தான். ஆனால் பெயிண்ட் பிரபலமாக இருப்பதற்கு ஒரு காரணம், அது கண்ணுக்குத் தெரியும், யாரும் செய்யலாம், ஒரே நாளில் முடியும். பாத்ரூம் கைப்பிடி இதில் எதுவும் இல்லை.

ஆய்வுகள் கைப்பிடி பக்கம்தான் நிற்கின்றன. வீட்டிலுள்ள விழும் அபாயங்களைக் குறைப்பது பலன் தருகிறதா என்று 2023-இல் வெளிவந்த காக்ரன் ஆய்வுத் தொகுப்பு பார்த்தது. 22 ஆய்வுகள், எட்டாயிரத்துக்கும் அதிகமானோர். விழும் விகிதம் மொத்தத்தில் 26 விழுக்காடு குறைந்தது. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடக்கத் துணை வேண்டியவர்கள் போன்ற அபாயம் அதிகமுள்ளவர்களிடம் 38 விழுக்காடு குறைந்தது. அபாயம் குறைவாக உள்ளவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது, தெருவில் எல்லா வீட்டுக்கும் போவதைவிட, போன வருஷம் விழுந்த தாத்தா வீட்டுக்கு முதலில் போவதுதான் புத்திசாலித்தனம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கேப்பபிள்' என்ற திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு தாதி, ஒரு செயல்வழிச் சிகிச்சையாளர், ஒரு பழுதுபார்ப்பவர் என மூன்று பேர் சில மாதங்களுக்கு வீட்டுக்கு வந்து போவார்கள். முதல் கேள்வியே "உங்களுக்கு எதைச் செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும்?" என்பதுதான். குளிப்பது, உடுத்துவது போன்ற தினசரிச் செயல்களில் முதியவர்களுக்கு இருந்த சிரமம் சுமார் பாதியாகக் குறைந்தது. ஒருவருக்கு ஆன செலவு சுமார் 3,000 அமெரிக்க டாலர்.

அந்தக் கேள்வி நமக்கு இலவசம். பாத்ரூம்தான் பிரச்சினை என்று நாம் நினைத்துப் போவோம். "அதெல்லாம் நான் பாத்துக்குவேன் தம்பி, சாமி மேடை விளக்கை ஏத்த எட்ட மாட்டேங்குது" என்று பாட்டி சொல்லலாம். அப்படியானால் சாமி மேடையைத் தாழ்த்துவதும் வேலைப் பட்டியலில் இருக்க வேண்டும். ஸ்டூல் மேல் ஏறி விளக்கு ஏற்றுவதும் விழுவதற்கான வழிதானே.

வேலையின் நுணுக்கம்

தப்பாகப் பொருத்திய கைப்பிடி, கைப்பிடி இல்லாததைவிட மோசம். நம்பிப் பிடிப்பார், கையோடு கழன்று வரும். துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் உறிஞ்சி ஒட்டும் ரகத்தையும் முழு எடையைத் தாங்க நம்பக் கூடாது. செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் விரிவடையும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறும் சத்தம் கேட்டால் அந்த இடம் வேண்டாம். பலகைத் தடுப்புச் சுவராக இருந்தால், பின்னால் ஒரு கட்டை வைத்துத் தாங்கல் கொடுக்காமல் எதையும் மாட்டாதீர்கள். உயரத்தைப் புத்தகத்தில் பார்ப்பதைவிட, அவரையே உட்காரச் சொல்லி, எழச் சொல்லி, கை எங்கே போகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்வது நல்லது.

சாய்தளத்துக்கு உலகெங்கும் பயன்படுத்தும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. 10 சென்டிமீட்டர் படிக்கு 1.2 மீட்டர் நீளம் வேண்டும். 15 சென்டிமீட்டருக்கு 1.8 மீட்டர். ஃபிளாட் நடைபாதையில் அவ்வளவு இடம் பெரும்பாலும் இருக்காது. இடம் இல்லை என்று செங்குத்தாகப் பலகை போட்டால், சக்கர நாற்காலி பின்னால் கவிழும்.

பழைய வீடுகளில் பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், வெளியிலிருந்து திறக்கவே முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்வது ஒரு மணி நேர வேலை. வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போட்டால் இன்னும் நல்லது. எனக்குத் தெரிந்து, இந்தப் பட்டியலிலேயே செலவு குறைவாகவும் பலன் பெரிதாகவும் இருப்பது இதுதான். ஆனால் யாருக்கும் தோன்றாததும் இதுதான்.

இரண்டு விஷயங்களில் தன்னார்வலர் கை வைக்கக் கூடாது. முதலாவது ஒயரிங். பல்பு மாற்றலாம், பேட்டரியில் ஓடும், அசைவை உணர்ந்து எரியும் விளக்கை ஒட்டலாம். அதற்கு மேல் எதுவாக இருந்தாலும் பதிவு பெற்ற மின் பணியாளர்தான் தொட வேண்டும். இரண்டாவது, பழைய அலைவடிவ சிமெண்ட் கூரைத் தகடு. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஓட்டை போடுவது, உடைப்பது, தேய்ப்பது எல்லாம் நுரையீரலுக்கு விஷத் தூசியைக் கிளப்பும் வேலை. "ஒரு தகடுதானே, மாத்திடலாம் அண்ணே" என்று யாராவது ஏணியை எடுத்தால் நிறுத்துங்கள்.

யாருடைய வீடு, யாருடைய சம்மதம்?

ஃபிளாட்டில் கதவுக்கு வெளியே உள்ள நடைபாதையும் படிக்கட்டும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடிப் பராமரிப்புச் சட்டப்படி அதைக் கவனிப்பது கூட்டு நிர்வாகக் குழு. வாசலுக்கு வெளியே சாய்தளம் போட வேண்டுமென்றால் அவர்களிடம் எழுதிக் கேட்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடமும். கேட்காமல் போட்டால், பிறகு பேச்சு வாங்குவது உதவி பெற்ற முதியவர்தான்.

இன்னொரு சங்கடம், தரை வாடகை வீடுகள். பினாங்குத் தீவில் வீடு ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு பல பழைய கம்போங்குகளில் உண்டு. நிலம் மேம்பாட்டுக்குப் போனால் வீடும் போய்விடும். அப்படிப்பட்ட வீட்டில் பத்தாயிரம் ரிங்கிட் போட்டுக் கூரை மாற்றுவதா? என் கருத்து: கூரைக்கு முன் கொஞ்சம் விசாரியுங்கள், கைப்பிடிக்கு யோசிக்க வேண்டாம். ஒரு வருஷம் இருந்தாலும் அந்த வருஷத்தில் விழக் கூடாது. கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருள்களை வாங்கினால் புது வீட்டுக்கும் உதவும்.

கடைசியாக, கௌரவம். ஆயுள் முழுக்கத் தன் வீட்டைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவரிடம் பத்துப் பேர் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போய் நின்றால் "ஒண்ணும் வேணாம், நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். முதலில் ஒருவர் போக வேண்டும், அதுவும் தெரிந்தவராக. "பாட்டி, எங்க வீட்ல அம்மாவுக்கு இது மாதிரி ஒண்ணு போட்டோம், உங்களுக்கும் ஒண்ணு போட்டுடவா?" என்று கேட்டால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். படம் எடுப்பதாக இருந்தால் சுவரை எடுங்கள், முகத்தை வேண்டாம்.

எங்கே தொடங்குவது?

ஜெலுத்தோங் நாடாளுமன்றத் தொகுதிக்குள் டத்தோ கெராமாட், சுங்கை பினாங், பத்து லஞ்சாங் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றின் சேவை மையத்துக்கும் எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார் என்று ஓரளவு தெரியும். ருக்குன் தெத்தாங்காவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். கோயிலில் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த ஒருவர் இரண்டு வாரமாகக் காணவில்லை என்றால், அது அர்ச்சகருக்கும் பூக்கடை அக்காவுக்கும் எல்லாருக்கும் முன்னால் தெரியும்.

சமூகநலத் துறையில் பதியாத மாற்றுத்திறனாளியாக இருந்தால், ஓகேயு அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுவதே பெரிய பழுதுபார்ப்பு. வீட்டில் யாரும் கவனிக்காத நிலையில் ஒருவரைப் பார்த்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புபவராக இருந்தால், அங்குள்ள செயல்வழிச் சிகிச்சையாளரிடம் வீட்டில் என்ன மாற்றம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள், தன்னார்வலர்களின் ஊகத்தைவிட மேல்.

குழுவுக்கு எத்தனை பேர்? ஒரு பாத்ரூமுக்குள் இரண்டு பேருக்கு மேல் நிற்க முடியாது. ட்ரில் பிடிக்கத் தெரிந்த ஒருவர், அளவெடுக்கவும் பொருள் வாங்கவும் ஒருவர், முதியவரோடு உட்கார்ந்து பேச ஒருவர். மூன்றாமவரை வெட்டி வேலை என்று நினைக்க வேண்டாம், தன் வீட்டுச் சுவரில் ஓட்டை விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பது யாருக்கும் எளிதல்ல. ஆறு மாதம் கழித்து யாராவது ஒருவர் திரும்பிப் போய், போல்ட் இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்க வேண்டும். தேதியை இப்போதே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.